முகத்துக்கு விலை பேசுகிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஏடு உங்கள் கையில் இருக்கிறது. அரசியல் கட்டுரை படிக்க அமர்ந்திருக்கிறீர்கள். ஒரு நொடி ஏட்டைத் தாழ்த்தி வீட்டிற்குள் நோக்குங்கள். பத்தாம் வகுப்பிலே படிக்கும் உங்கள் மகள் எங்கே? சுவரோரத்தில், கைப்பேசியிலே கண் பதித்து, அசையாது அமர்ந்திருக்கிறாளா? படிக்கிறாள் என்று எண்ணுகிறீர்கள்; பொழுது போக்குகிறாள் என்று எண்ணுகிறீர்கள். அவளோ, ஆயிரமாயிரம் முகங்களுக்கு எதிரே தன் ஒரு முகத்தை நிறுத்தி, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருக்கிறாள்!

தோற்றவள் அழவில்லை, உங்களிடம் முறையிடவும் இல்லை. இரவு உணவிலே ஒரு தோசையைக் குறைத்துக்கொண்டாள். பள்ளி விழாவில் படம் எடுக்கும்போது பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டாள். ‘நான் ஏன் இப்படிப் பிறந்தேன்?’ என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள். கண்ணாடி பேசவில்லை. கையிலிருந்த கருவி பேசிற்று: ‘இந்தக் களிம்பைப் பூசு, இந்தப் பொடியைக் கரைத்துக் குடி, இந்த ஆடையை வாங்கு!’

“அரசியல் பேச வந்தவர் அழகுக் குறிப்புப் பேசுகிறாரே!” என்று நகைக்க வேண்டாம். ஒருவன் உழைப்பை மற்றொருவன் பறித்தால், அது அரசியல் என்கிறோம். ஒருவன் நிலத்தை மற்றொருவன் வளைத்தால், அது அரசியல் என்கிறோம். பதினான்கு வயதுப் பெண்ணின் தன்னம்பிக்கையைத் துண்டு துண்டாக நறுக்கி, விளம்பரச் சந்தையிலே எடைபோட்டு விற்றால், அது மட்டும் வீட்டுச் சமாசாரமா? அடுப்பங்கரைப் பேச்சா? விற்பவன் யார், வாங்குபவன் யார், இழப்பவர் யார், வாய்மூடி நிற்பவர் யார் என்று கேட்பதுதானே அரசியல்! இந்த நான்கு கேள்விகளையும் இன்று ஒவ்வொன்றாகக் கேட்போம்.

விற்பவன் யார்?

இன்ஸ்டாகிராம் என்று ஒரு படக்கடை. 2010இல் திறக்கப்பட்டது. 2012இல் ஃபேஸ்புக் நிறுவனம் அதனை 100 கோடி டாலர் விலை பேசி வாங்கிற்று. அந்த நிறுவனத்துக்கு இன்று மெட்டா என்று பெயர். 2023ஆம் ஆண்டில் மட்டும் அதன் வருமானம் ஏறத்தாழ 13,490 கோடி டாலர். அதிலே ஏறக்குறைய முழுவதும் விளம்பரத்தால் வந்த பணம். உங்கள் மகளிடம் அவர்கள் ஒரு காசும் கேட்டதில்லை. “கட்டணமே வாங்காமல் சேவை செய்கிறோம்” என்று மார் தட்டுகிறார்கள். தூண்டில் போடுகிறவன் என்றைக்காவது மீனிடம் புழுவுக்கு விலை கேட்டதுண்டா?

சரக்கு எது என்பது இப்போது விளங்குகிறதா? படம் அன்று, பாட்டு அன்று, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைதான் சரக்கு. அவள் எத்தனை நிமிடம் எந்தப் படத்தில் கண் பதித்தாள், எதைக் கண்டு நின்றாள், எதைக் கண்டு விரல் தயங்கிற்று என்றெல்லாம் கணக்கெடுத்து, அந்தக் கணக்கைக் கொண்டு விளம்பர இடம் விற்கிறார்கள். நிமிடம் கூடினால் வருமானம் கூடும். ஆகவே, நிமிடத்தைக் கூட்டுவது எதுவோ அதுவே அவர்களுக்கு நல்லது.

வாங்குபவன் யார்?

களிம்பு விற்பவன், இளைக்க வைக்கும் பானம் விற்பவன், தசை வளர்க்கும் மாவு விற்பவன், வாரத்துக்கொரு மோஸ்தரில் ஆடை தைப்பவன், இவர்கள் எல்லோரும் வரிசையிலே நிற்கிறார்கள். ஒன்று கேட்கிறேன், எண்ணிப் பாருங்கள்! ‘என் முகம் எனக்குப் போதும்’ என்று நிமிர்ந்து நிற்கும் பெண்ணிடம் இவர்கள் எதை விற்க முடியும்? ‘என் தோள் எனக்குப் போதும்’ என்று எழுந்து நிற்கும் பையனிடம் எதை விற்க முடியும்? மன நிறைவு கொண்டவன் இவர்களுக்கு மோசமான வாடிக்கையாளன். முதலில் காயம் வேண்டும். பிறகுதான் மருந்து விலைபோகும். காயம் ஏற்படுத்தும் களமும், மருந்து விற்கும் கடையும் ஒரே கூரையின்கீழ் இருப்பதுதான் இந்த வாணிபத்தின் விந்தை!

இது கற்பனைக் குற்றச்சாட்டு என்பார்களா? அவர்களுடைய கோப்பையே திறப்போம்.

2021 செப்டம்பரில், அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ ஏடு அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிட்டது. அவற்றை வெளியே கொண்டுவந்தவர் அங்கே பணிபுரிந்த பிரான்சஸ் ஹாகன் என்ற பெண்மணி. ஆவணங்களில் இருந்தது என்ன? நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் தாங்களே பிள்ளைகளிடம் கேட்டறிந்த உண்மை! பதின்பருவப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு, தம் உடலைப் பற்றிய மனக்குறையை நாம் மேலும் மோசமாக்குகிறோம் என்று 2019ஆம் ஆண்டின் குறிப்பொன்று கூறுகிறது. தம் உடலைக் குறித்து மனம் வருந்திய நேரத்தில், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைப் பெருக்கிற்று என்று 32 விழுக்காட்டுப் பெண்கள் கூறினர் என்கிறது 2020ஆம் ஆண்டின் குறிப்பு.

எதிரி எழுதியதன்று, ஏழை எழுதியதன்று, நம்மைப் போன்ற கட்சிக்காரன் மேடையிலே முழங்கியதுமன்று. கணக்குப்பிள்ளையே எழுதிய கணக்கு! எழுதினார்கள், படித்தார்கள், அடுக்கி வைத்தார்கள். ஊருக்குச் சொன்னார்களா? சொல்லவில்லை. அதே ஆண்டுகளில், 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கென்றே தனி இன்ஸ்டாகிராம் ஒன்றை உருவாக்கவும் முனைந்தார்கள். ஆவணங்கள் வெளிவந்து, நாடெங்கும் கூக்குரல் எழுந்த பிறகுதான், 2021 செப்டம்பர் இறுதியில் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள்.

2021 அக்டோபர் 5ஆம் நாள் ஹாகன் அமெரிக்க செனட் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். நிறுவனத்துக்குத் தன் கருவியைச் செப்பனிடும் வழி தெரியும். ஆயினும் மக்கள் நலத்துக்கு முன்னே இலாபத்தை வைத்தது. இதுவே அவர் சாட்சியத்தின் சாரம். அதற்குச் சில நாட்களுக்கு முன், அதே குழுவிலே செனட்டர் ரிச்சர்ட் புளூமெந்தால் ஒரு சோதனையை விளக்கினார். அவருடைய அலுவலகத்தார், 13 வயதுச் சிறுமி என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, பட்டினி கிடந்து இளைப்பது பற்றிப் பேசும் சில பக்கங்களைப் பின்தொடர்ந்தனர். பிறகு நடந்ததென்ன? அதே போன்ற பக்கங்களையே மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டிற்று அந்தக் கருவி! ‘பசிக்கிறது’ என்று சொன்னால் சோறு போடுவது தாய். ‘பசித்துக் கிடக்கிறேன்’ என்று சொன்னால் ‘இன்னும் கிட, இன்னும் கிட’ என்பது எது? பேய் என்போம் நாம். ‘பரிந்துரை’ என்கிறார்கள் அவர்கள்!

இழப்பவர் யார்?

பிறரைப் பார்த்துத் தன்னை அளந்துகொள்ளும் இயல்பு மனிதனுக்கு உண்டு என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியல் அறிஞர் 1954இலேயே விளக்கினார். நம் பாட்டிமார் காலத்திலும் அது இருந்தது. ஆனால் அவர்கள் யாரோடு ஒப்பிட்டார்கள்? அடுத்த வீட்டுப் பெண்ணோடு; கிணற்றடியில் கண்டவளோடு; திருவிழாவில் பார்த்தவளோடு. அவளுக்கு நீண்ட கூந்தல் என்றால் முகத்திலே அம்மைத் தழும்பும் இருந்தது. சிவந்த நிறம் என்றால் தெற்றுப் பல்லும் இருந்தது. அளவுகோல் மனித அளவுகோலாக இருந்தது.

இன்று? அளவுகோலே பொய்! ‘ஃபில்டர்’ என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அது என்ன? மூக்கைக் கூராக்கும்; கன்னத்தை ஒடுக்கும்; கண்ணைப் பெரிதாக்கும்; தோலின் துளைகளை அழிக்கும்; கருமையை வெளுக்கும். அந்த முகம் எந்தத் தாயின் வயிற்றிலும் பிறந்ததில்லை. உலகிலே இல்லாத ஒருத்தியோடு நம் மகள் நாள்தோறும் போட்டியிடுகிறாள். போட்டியிலே எதிராளி இல்லை. ஆனால் தோல்வி மட்டும் உண்டு! அதைவிடக் கொடுமை, தன் படத்தையே அந்தக் கருவியில் திருத்திப் பார்க்கிறாள். திருத்திய முகத்துக்கு நூறு ‘லைக்’ வருகிறது. மறுநாள் காலை கண்ணாடியிலே காண்பது திருத்தாத முகம். தனக்குத் தானே போட்டியாகி, தன்னிடமே தோற்றுப்போகிறாள்.

அறுவை மருத்துவத்தால் மாற்றிய முகம்போலக் காட்டும் ஃபில்டர்களைத் தடைசெய்ய வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு உள்ளேயே சிலர் எடுத்துரைத்தனர் என்றும், தலைவர் மார்க் சக்கர்பர்க் அதனை ஏற்க மறுத்தார் என்றும் மாசசூசெட்ஸ் மாநிலம் 2023இல் தொடுத்த வழக்கு குற்றம் சாட்டுகிறது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். குற்றச்சாட்டைச் சொல்வது யாரோ அல்லர், ஒரு மாநில அரசு என்பதை மட்டும் மனத்தில் கொள்வோம்.

பெண்கள் மட்டும்தானா? பையன்களைப் பாருங்கள். மீசை அரும்பும் வயதில் வயிற்றிலே ஆறு கட்டு இல்லையே என்று ஏங்குகிறான். அப்பன் மூட்டை தூக்கித் திரட்டிய தோளை அவன் மதிப்பதில்லை; விளக்கொளியிலே எண்ணெய் பூசி நிற்பவனின் தோளே அவனுக்குத் தெய்வமாகிறது. வீட்டிலே வேர்க்கடலையும் முட்டையும் இருக்க, மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கும் மாவு டப்பாவைக் கேட்கிறான்.

பிஜித் தீவின் பாடம்

“மனிதர் என்றைக்கும் அழகை விரும்பினர், கருவியின்மேல் பழி போடாதீர்” என்பாரும் உளர். அவர்களை ஒரு தீவுக்கு அழைத்துச் செல்கிறேன், வாருங்கள்.

பசிபிக் கடலிலே பிஜித் தீவு. அங்கே நட்ரோகா என்ற வட்டாரம். அந்த மக்கள் பருத்த, திடமான உடலைப் போற்றி வந்தவர்கள். வந்தவர்க்கெல்லாம் வயிறார உணவிட்டு, ‘உண்ணுங்கள், பருத்திடுங்கள்’ என்று உபசரிப்பது அவர்தம் பண்பாடு. இளைத்துப் போவது அவர்களுக்குக் கவலைக்குரிய செய்தி, பெருமைக்குரியதன்று. 1995இல் அந்த வட்டாரத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. வெள்ளை நாடுகளின் தொடர்களும் விளம்பரங்களும் வீட்டிற்குள் நுழைந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்ற அறிஞர், தொலைக்காட்சி வந்த சில வாரங்களில் அங்குள்ள பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். மூன்றாண்டு கழித்து, 1998இல், மீண்டும் அதேபோல் ஆராய்ந்தார்.

கண்டது என்ன? உணவைக் குறித்துச் சிக்கலான மனப்போக்கு உடையோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். எடை குறைப்பதற்காக உண்டதை வலிந்து வாந்தியெடுக்கும் வழக்கம் 1995இல் ஒருவரிடமும் இல்லை, 1998இல் 11.3 விழுக்காட்டினரிடம் இருந்தது. தாம் மிகப் பருத்திருப்பதாக எண்ணுவதுண்டு என்று நூற்றுக்கு 74 பேர் கூறினர். தலைமுறை தலைமுறையாகப் போற்றிய உடலை, மூன்றே ஆண்டுகளில் பெண்மக்கள் வெறுக்கத் தலைப்பட்டனர்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அந்தத் தொலைக்காட்சி கூடத்திலே நின்ற பெட்டி. ஊருக்கே ஒன்றைத்தான் காட்டும். பார்ப்பவளின் பெயர் அதற்குத் தெரியாது. அவள் எதற்கு வருந்துகிறாள் என்பதும் தெரியாது. இன்றைய பெட்டியோ படுக்கைக்குள் வருகிறது, பெயரறியும், வயதறியும், எங்கே வலிக்கிறது என்பதும் அறியும். ஊமைப் பெட்டியே மூன்றாண்டில் அதைச் செய்ததென்றால், கண்ணும் காதும் முளைத்த பெட்டி என்ன செய்யாது?

மறுப்புரைகளைக் கேட்போம்

எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்காமல் தீர்ப்பளிப்பது நம் வழக்கமன்று.

முதல் வாதம் நிறுவனத்தினுடையது. “12 வகைத் துன்பங்களைப் பற்றிக் கேட்டோம், அவற்றில் 11 வகையில், துன்புற்ற பெண்களில் இன்ஸ்டாகிராமால் ஆறுதல் பெற்றோம் என்றவர்களே, துன்பம் கூடிற்று என்றவர்களைவிட மிகுதி” என்றார்கள். மிக நன்று! அந்தப் பன்னிரண்டாவது எது? உடலைப் பற்றிய மனக்குறைதான் அது! பதினொரு வீட்டுக்குப் பால் ஊற்றினேன் என்பதற்காகப் பன்னிரண்டாவது வீட்டில் நஞ்சு ஊற்றியவனை விட்டுவிடுவோமா? நாம் பேசுவதே அந்தப் பன்னிரண்டாவது வீட்டைப் பற்றித்தான்.

இரண்டாவது வாதம் அறிஞர் சிலருடையது. “இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமென்று ஆகிவிடாது; சராசரி விளைவு சிறிதே” என்கின்றனர். நேர்மையான வாதம், மதிக்கிறோம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் கேடு நேர்வதில்லை என்பதும் உண்மை. ஆயினும், கனடாவில் மனச்சோர்வோ பதற்றமோ கொண்ட 17 முதல் 25 வயதுவரையுள்ள மாணவர் 220 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் சமூக வலைத்தளப் பயன்பாட்டை நாளுக்கு ஒரு மணி நேரம் என்று மூன்று வாரம் சுருக்கினர். மற்றவர் வழக்கம்போல் இருந்தனர். சுருக்கிக்கொண்டவர்கள் தம் தோற்றத்தையும் எடையையும் முன்னிலும் நல்லவிதமாக மதிக்கத் தொடங்கினர். மூன்றே வாரத்தில்! அதே 2023இல், மே மாதம், அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கை, 13 முதல் 17 வயதுவரையுள்ளோரில் 46 விழுக்காட்டினர், தம் உடலைப் பற்றிய எண்ணத்தைச் சமூக வலைத்தளம் மோசமாக்குகிறது என்று கூறியதை எடுத்துக்காட்டியது. மறுத்துரைக்கும் அறிஞர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே: ஐயம் தீர வேண்டுமெனில், நிறுவனத்தின் பெட்டகத்தில் பூட்டியிருக்கும் புள்ளிவிவரத்தைத் திறக்கச் சொல்லி எங்களோடு சேர்ந்து குரல் கொடுங்கள்! நிரபராதி எனில் பெட்டகத்துக்குப் பூட்டு எதற்கு?

மூன்றாவது வாதம் நம் திண்ணைகளில் எழுவது. “பெற்றோர் கண்டித்தால் போதுமே! கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் போதுமே!” அப்படியா? விடியலில் ஆலைப் பேருந்து ஏறி இருட்டியபின் வீடு திரும்பும் தாய் எப்போது கண்டிப்பாள்? வீட்டுப்பாடத்தையே கைப்பேசியில் அனுப்பும் பள்ளி இருக்கும்போது எதைப் பிடுங்குவாள்? ஒரு பக்கம், உலகின் தேர்ந்த பொறியாளர்கள், பல்லாயிரம் கோடி டாலர் மூலதனம், இரவும் பகலும் உறங்காத கணிப்பொறி. மறு பக்கம், களைத்துவந்த ஒரு தாய். இந்தப் போரை ‘குடும்பப் பொறுப்பு’ என்று சொல்லி ஒதுங்குவது, யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே களத்தில் இறக்கிவிட்டு, ‘வல்லவன் வெல்லட்டும்’ என்று கைகட்டி நிற்பதாகும்.

வாய்மூடி நிற்பவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது விரலை வெளியே மட்டும் நீட்டுவது நேர்மையாகாது. நம்மை நோக்கியும் நீட்ட வேண்டும். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கைப்பேசி வருவதற்கு முன்பே நம் வீட்டுப் பெண்ணுக்கு ‘நீ குறையுள்ளவள்’ என்று பாடம் சொன்னவர் யார்? குழந்தை பிறந்த செய்தி கேட்டதும், ‘நிறம் எப்படி?’ என்று கேட்டவர் யார்? ‘பெண் நல்ல குணம், ஆனால் கொஞ்சம் கறுப்பு’ என்று அந்த ‘ஆனால்’ போட்டவர் யார்? வரன் விளம்பரத்திலே ‘சிவந்த நிறம்’ என்று அச்சிடச் சொன்னவர் யார்? 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பெயரில் இந்நாட்டுச் சந்தைக்கு வந்த களிம்பு, 2020இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்தபோது ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. நாற்பத்தைந்து ஆண்டு அந்தப் பெயரைச் சகித்தது யார்? நாம்தாம்! நிலத்தை உழுது வைத்தவர் நாம். அமெரிக்கக் கம்பெனி வந்து விதைத்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், சினம் கொள்ள வேண்டாம். நம் சுவரொட்டிகளைப் பாருங்கள். வெயிலிலே அலைந்து கருத்த தலைவரின் முகத்தைச் செக்கச் செவேலென்று தீட்டுகிறோம். அறுபதைக் கடந்தவரின் கன்னத்துச் சுருக்கத்தைக் கணிப்பொறியால் தேய்க்கிறோம். மக்களுக்காக உழைத்ததற்குச் சாட்சியான அந்தச் சுருக்கத்துக்கு நாமே வெட்கப்படுகிறோம்! பத்தடிப் பதாகையிலே பொய்முகம் வைப்பவன், நாலங்குலக் கருவியிலே பொய்முகம் வைக்கும் மகளை எந்த வாயால் கண்டிப்பான்? சுயமரியாதை என்பது மேடையில் முழங்கும் சொல் மட்டுமன்று; தன் தோலோடு, தன் உருவோடு, தலை நிமிர்ந்து நிற்பதும் அதுவே.

சட்டம் செய்யக்கூடியது

உலகிலே யாரும் விழிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். திருத்தப்பட்ட உடலைக் காட்டும் விளம்பரப் படத்தில் ‘திருத்திய படம்’ என்று குறிப்பிட வேண்டும் என்ற விதியை பிரான்ஸ் 2017இல் நடைமுறைப்படுத்தியது. நார்வே 2022 ஜூலை முதல், சமூக வலைத்தளத்தில் பணம் பெற்று விளம்பரம் செய்வோரையும் அத்தகைய விதிக்குள் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய மின்னியல் சேவைச் சட்டம், சிறார்களின் தகவலைத் துருவி அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது. பெரிய நிறுவனங்களின் புள்ளிவிவரத்தை ஆராய்ச்சியாளர் கேட்டுப் பெறவும் வழி செய்கிறது. அமெரிக்காவிலே 2023 அக்டோபரில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் மெட்டாவின்மீது வழக்குத் தொடுத்தன. 2024 ஜனவரி 31ஆம் நாள், செனட் மன்றக் கூடத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்தும் பாதிப்புற்றும் வந்திருந்த குடும்பங்களை நோக்கி எழுந்து நின்று சக்கர்பர்க் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தோர் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை தண்டம்.

அடி விழுந்த பிறகு கருணையும் பிறந்தது! 2024 செப்டம்பரில், இளையோருக்குக் கட்டுப்பாடுள்ள தனிக் கணக்கு என்று இன்ஸ்டாகிராம் அறிவித்தது. 2025 ஜூனில், எலும்பாக இளைப்பதைப் போற்றும் ‘ஸ்கின்னிடாக்’ தேடலை டிக்டாக் தடுத்தது. முடியாது, முடியாது என்றவர்கள் முடித்துக் காட்டினார்கள். சட்டத்தின் நிழல் விழுந்தால்தான் இவர்களுக்கு மனச்சாட்சி விழிக்கிறது.

நம் நாட்டிலே? 2023இல் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 18 வயது நிரம்பாதோரின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்று அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. அருமையான வாசகம்! ஆனால் விதிகள் வெளிவந்தது 2025 நவம்பரில். அவையும் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வரும். பிள்ளையின் பதின்பருவம் கட்டம் கட்டமாகக் காத்திருக்குமா? 2023இல் பதின்மூன்று வயதாயிருந்தவள், சட்டம் முழு வலிமை பெறும் நாளில் பெரியவளாகி, தழும்போடு நிற்பாள்.

முற்றாகத் தடை செய்வதே தீர்வா என்பதில் நாம் அவசரப்பட வேண்டியதில்லை. அதே வலைத்தளத்தில்தான் சிற்றூர்ப் பெண் பாடம் கற்கிறாள். ஒதுக்கப்பட்டவன் தன் குரலை ஒலிக்கிறான். கதவையே சுவராக்குவதைவிட, கதவருகே நிற்கும் கள்வனைப் பிடிப்பது மேல். ஆகவே நம் கோரிக்கை தெளிவாயிருக்கட்டும்: சிறாரைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தடை உடனே நடைமுறைக்கு வரட்டும், பிள்ளையின் மனப்புண்ணைத் துருவிப் படம் பரிந்துரைக்கும் நிரலை, 18 வயதுக்குட்பட்டோர்க்கு நிறுத்தி வைக்கட்டும், திருத்திய விளம்பரப் படத்துக்கு முத்திரை வரட்டும், புள்ளிவிவரம் பல்கலைக்கழகங்களுக்குத் திறக்கப்படட்டும், அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மனநல ஆலோசகர் ஒருவர் அமரட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

சட்டம் வரும்வரை கைகட்டிக் கிடக்க நாம் பழகியவர்கள் அல்லர். கிளைதோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். இந்த மாதம் ஒரு மாலை, பெற்றோரையும் பிள்ளைகளையும் அங்கே ஒன்றாக அமர்த்துங்கள். உபதேசம் வேண்டாம்; ஒரே ஒரு செயல் போதும். ஒரு பெண்ணின் படத்தை எல்லோர் கண்முன்னும் ஃபில்டர் போட்டுக் காட்டுங்கள். பிறகு எடுத்துக் காட்டுங்கள். பொய் எங்கே செய்யப்படுகிறது என்று பிள்ளைகள் தம் கண்ணாலேயே காணட்டும். வித்தைக்காரனின் கைக்குட்டையை ஒருமுறை பார்த்துவிட்டவன் மறுமுறை மயங்குவதில்லை.

உங்கள் கிளையிலே பந்தாட்டக் குழு இருக்கிறதா? பெண்களுக்கும் ஒன்று தொடங்குங்கள். ஓடும் கால் எத்தனை பருமன் என்று அது கேட்பதில்லை. எத்தனை தொலைவு ஓடும் என்றே கேட்கிறது. உடல் பார்ப்பதற்காக மட்டுமன்று, செயலாற்றுவதற்காகவே என்ற பாடத்தை எந்தச் சொற்பொழிவைவிடவும் மைதானம் நன்றாகச் சொல்லும்.

ஒரு பிள்ளை உணவை மறுத்தால், உண்டதும் குளியலறைக்கு விரைந்தால், யாரையும் பார்க்காமல் ஒதுங்கினால், ‘வயசுக் கோளாறு’ என்று தள்ளிவிடாதீர்கள். அது நோயாக இருக்கலாம்; நோயெனில் மருத்துவம் உண்டு. 14416 என்ற எண்ணிலே அரசின் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது. அந்த எண்ணை உங்கள் படிப்பகத்துச் சுவரிலே பெரிதாக எழுதி வையுங்கள். முழக்கங்களுக்கு அருகிலேயே எழுதி வையுங்கள்.

அடுத்த சுவரொட்டி அச்சுக்குப் போகும்போது, ஓவியரிடம் சொல்லுங்கள்: ‘தலைவரின் நிறத்தைத் தொடாதே!’ அது சிறு செயல்தான். ஆனால் அந்தச் சுவரைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் கருநிறச் சிறுமி ஒருத்தி, அன்று தன் நிறத்தைத் தலைவரின் முகத்திலே காண்பாள்.

இப்போது, தோழர்களே, ஏட்டை மடித்து வையுங்கள். எழுந்து, சுவரோரம் அமர்ந்திருக்கும் உங்கள் மகளிடம் செல்லுங்கள். கருவியைப் பிடுங்காதீர்கள். அருகே அமருங்கள். ‘அம்மா, அதிலே என்ன பார்க்கிறாய்? எனக்கும் காட்டு’ என்று கேளுங்கள். அவள் காட்டுவாள், தயங்கித் தயங்கிப் பேசுவாள். குறுக்கிடாமல் கேளுங்கள். நாட்டின் ஆயிரம் சிக்கலை மணிக்கணக்கில் கேட்கும் பொறுமை நமக்கு உண்டு. பெற்ற மகளின் ஒரு சிக்கலைக் கேட்க அரைமணி இல்லையா?

அவள் முகத்துக்கு எவனோ விலை பேசுகிறான். அது விற்பனைக்கு இல்லை என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள். பிறகு, நாட்டுக்குச் சொல்வோம்!